இடப்பக்க இருக்கை

போன மாதம் கார்த்திகா எனக்குத் தொலைபேசி எடுத்தாள். ஒஸ்லோவில் நான் வேலை செய்து ஓய்வுபெற்ற உதிரிப்பாகக் கடையில் இப்போது என் இடத்தில் இருப்பவள். கோயம்புத்தூர்ப் பிள்ளை, பொறியியல் படித்தவள். என் இடத்தில் என்று சொன்னாலும் நான் நின்ற கவுண்டர் இப்போது அங்கே இல்லை. அதைக் கழற்றிவிட்டுத் திரைகள் வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் வண்டி இலக்கத்தை அடித்தால் என்ன பாகம் என்று திரை சொல்லும், பெட்டி திறக்கும், எடுத்துக்கொண்டு போகலாம். நல்ல ஏற்பாடுதான். என் முழங்கால்களைக் கேட்டால், இது எப்போதோ வந்திருக்க வேண்டும் என்று சொல்லும்.

"சார், ஒரு ஜப்பான் வேன் வந்திருக்கு. இம்போர்ட் பண்ணது. சிஸ்டம்ல நம்பரைப் போட்டா ஒண்ணுமே வரல. இதுல நீங்கதான் எக்ஸ்பர்ட்னு எல்லாரும் சொல்றாங்க," என்றாள்.

இந்த நாட்டில் என்னைச் 'சார்' என்று கூப்பிடும் ஒரே ஆள் அவள்தான். எங்கள் ஆட்களுக்கு நான் மூர்த்தி அண்ணை. நோர்வேக்காரருக்கு, முதலாளி முதல் துப்பரவு செய்பவர் வரை, வெறும் மூர்த்தி. முதலில் அந்தச் சார் கூச்சமாக இருந்தது. இப்போது அவள் சொல்ல மறந்தால் நான் தேடுகிறேன்.

கதவுத் தூணில் ஒரு சின்னத் தகடு இருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பு என்றேன். அனுப்பினாள். சொல்லவேண்டியதைச் சொன்னேன். எல்லாம் முடிந்த பிறகு அவள் கேட்டாள்: "இவ்ளோ கஷ்டப்படறதுக்கு, அந்தக் கஸ்டமர் இதை வித்துட்டு இங்க கிடைக்கிற வண்டியையே வாங்கிக்கலாமே சார்?"

இதே கேள்வியை நானும் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். அவர் சரியான பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் எனக்குக் கிடைக்க ஒரு வருடமும், அதற்கு மேல் ஒரு குளிர்காலமும் போயின. கார்த்திகாவுக்குத் தொலைபேசியில் சொல்ல நேரம் போதவில்லை. இங்கே எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை பெரிய கதையல்ல. இலங்கையிலிருந்து அகதியாக வந்தேன். வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் விரல் மரக்க மரக்க மீன் வெட்டினேன். ஒஸ்லோவுக்கு இறங்கி வந்து பள்ளிக்கூடங்கள் கூட்டித் துடைத்தேன், பின்னேரங்களில் மொழி படித்தேன். ஊரில் ஒரு லொறிக் கராச்சில் கொஞ்சக்காலம் நின்றவன் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். அதை நம்பி ஒரு உதிரிப்பாகக் கடை என்னைப் பெட்டி அடுக்க எடுத்தது. பெட்டி அடுக்கி அடுக்கி ஒருநாள் கவுண்டருக்கு வந்து சேர்ந்தேன். அங்கே ஹெல்கே இருந்தார்.

ஹெல்கே கவுண்டரின் பொறுப்பாளர். நெடுநெடுவென்ற மனிதர். மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அவர் ஒரு நாளில் பேசுவதை எங்கள் ஆட்கள் ஒரு தேநீர் ஆறுவதற்குள் பேசி முடித்துவிடுவார்கள். பதினொரு மணிக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த பாண் துண்டை எடுப்பார், மேலே பழுப்பு நிறப் பாற்கட்டி. அந்த நேரத்தில் அரசரே வந்து பிறேக் கட்டை கேட்டாலும் நிற்கத்தான் வேண்டும்.

அவர் தொழில் செய்யும் விதம் எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. வாடிக்கையாளர் வந்து "எனக்கு இன்ன சாமான் வேண்டும்" என்றால் ஹெல்கே காதில் வாங்கமாட்டார். "பழையதைக் கொண்டுவந்தீர்களா?" என்பார். கொண்டுவந்திருந்தால் கவுண்டருக்குக் கீழிருந்து மடித்த வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து விரிப்பார். பாகத்தை அதன்மேல் வைப்பார். இலக்கம் இருக்கும் இடத்தை மட்டும் விரலால் துடைப்பார். மற்ற அழுக்கைத் தொடமாட்டார், என்னையும் தொடவிடமாட்டார். எங்கே உராய்ந்தது, எங்கே எண்ணெய் கசிந்தது, எத்தனை காலம் பொறுத்துக்கொண்டு ஓடியது எல்லாம் அழுக்கில்தான் இருக்கிறது என்பது அவர் கட்சி. பிறகு அளப்பார். பல்சக்கரம் என்றால் பல்லை எண்ணுவார். தனக்கு வந்த எண்ணை எனக்குச் சொல்லமாட்டார். நானும் எண்ணி, இருவரும் ஒன்றாகச் சொல்லி, ஒரே எண் வந்தால்தான் அடுத்த வேலை. வரிசையில் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவது அவருக்குக் கேட்காது.

இன்னொன்று. ஹெல்கே ஒரு வாடிக்கையாளருக்கும் 'இல்லை' என்று சொன்னதில்லை. 'இன்னும் இல்லை' என்பார்.

ஜப்பானில் ஓடுவதற்கென்றே செய்த வண்டிகளை அவரிடமிருந்துதான் படித்தேன். அவற்றின் இலக்கம் குட்டையானது. எங்கள் கணினி ஐரோப்பிய வண்டிகளின் நீண்ட இலக்கத்தைத்தான் கேட்கும். புதிதாக வந்தவர்கள் மிச்ச இடத்தைப் பூச்சியத்தால் நிரப்பிவிடுவார்கள். கணினியும் சந்தோஷமாக வேறு ஏதோ வண்டியின் சாமானைக் காட்டும். அப்படிச் செய்தவரை ஹெல்கே கண்ணாடிக்கு மேலால் ஒருமுறை பார்ப்பார். பிறகு அவர்கள் பூச்சியம் பக்கம் போகமாட்டார்கள். தகட்டில் இருப்பதை இருப்பது போலவே எடுத்து ஜப்பான் பட்டியலில் தேடவேண்டும். பெயாரிங் என்றால் விளிம்பில் பொறித்த இலக்கம் உலகம் முழுவதும் ஒன்றுதான். வடிகட்டி என்றால் மரையையும் வாயையும் அளந்து, இங்கே ஓடும் வேறொரு வண்டியினதைப் போடலாம். பாதிச் சாமான் இப்படி வந்துவிடும். மற்றப் பாதிக்குத்தான் பொறுமை வேண்டும்.

இனி பீற்றர் அண்ணைக்கு வருகிறேன். மன்னார்க்காரர், வேதக்காரர், ஒஸ்லோவில் பஸ் சாரதி. மோர்டென்ஸ்ருட்டில் வீடு. அவருடைய பழைய கார்களுக்கு எங்கள் கடையில்தான் சாமான் வாங்குவார். என்னைப் பகிடி பண்ணிச் சிரிப்பதும் அந்த வியாபாரத்தில் சேர்ந்தது. ஒருநாள் வேலை முடிந்து நான் ஏறிய பஸ்ஸை அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று கதைத்துக்கொண்டு போனேன். எதிரே ஒரு பஸ் வந்தது. அதன் சாரதி கையைத் தூக்கினார், இவரும் தூக்கினார். அடுத்த பஸ், அடுத்த கை. இப்படியே வழி முழுக்க.

"இவ்வளவு பேரையும் தெரியுமோ அண்ணை?" என்று கேட்டேன்.

"ஆளைத் தெரியாது. சீற்றைத் தெரியும்," என்றார், தன் இருக்கையை ஒரு தட்டுத் தட்டி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சில வருடங்களுக்குப் பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது காலும் வலது கையும் போயின. சொல் மெதுவாகத்தான் வந்தது, ஆனால் அதிலிருந்த குத்து குறையவில்லை. பஸ் போய்ச் சக்கர நாற்காலி வந்தது. வெளியே போவதென்றால் வலுவிழந்தவர்களை ஏற்றும் டாக்சி. நாற்காலியோடு பின்பக்கத்தால் ஏற்றி, நாலு பட்டியால் இறுக்கி, பின்கதவைச் சாத்துவார்கள்.

அப்போதுதான் அவருக்கு ஜப்பான் வான் பித்துப் பிடித்தது. கார்த்திகா சொல்லும் வேன்தான் எங்களுக்கு வான். இடது கையின் ஒரு விரலால் தட்டித் தட்டி, அங்கத்தைய ஏல விற்பனைப் படங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கடைசியில் ஒரு வெள்ளை வானைத் தெரிவுசெய்தார். அதன் முன் இருக்கை விசேஷமானது. சாரதிக்குப் பக்கத்து இருக்கை, பொத்தானை அமத்தினால் வாசல் பக்கம் திரும்பி, வெளியே வந்து, நிலத்துக்குக் கிட்ட இறங்கும். நடக்க முடியாதவர் அதில் மாறி இருந்தால் அது அவரைத் தூக்கி உள்ளே வைக்கும். ஜப்பானில் முதியவர்களுக்காகத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்பது.

வான் கப்பலில் வந்தது. ஜப்பானும் இலங்கை மாதிரி இடப்பக்கம் ஓடும் நாடு. சுக்கான், அதாவது ஸ்டியரிங், வலப்பக்கம்; விளக்கின் வெளிச்சம் விழும் பக்கமும் மாறி. விளக்குகளை மாற்றினோம், பின்னால் மூடுபனி விளக்குப் போட்டோம், பரிசோதனைக்கு இரண்டுமுறை ஏறி இறங்கினோம். கடைசியில் நோர்வே இலக்கத்தகடு கிடைத்தது. சாவியைத் திருப்பினால் ஒரு ஜப்பான் பெண்குரல் மரியாதையாக ஏதோ சொல்லும். என்ன சொல்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. பீற்றர் அண்ணை ஒவ்வொரு முறையும் "ஓம் பிள்ளை" என்று பதில் சொல்வார். ஓட்டுவது அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா. முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். வலப்பக்கச் சுக்கானுக்குப் பழகும்வரை மோர்டென்ஸ்ருட் கார் தரிப்பிடத்தை அவர் சுற்றிய சுற்றுக்குக் கணக்கில்லை.

எனக்கும் ஹெல்கேக்கும் ஒரு விஷயம் புரியவே இல்லை. சுக்கான் வலப்பக்கம் என்றால் அந்த விசேஷ இருக்கை இடப்பக்கம். ஜப்பானில் அது நடைபாதைப் பக்கம். இங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால், அந்த இருக்கை ரோட்டை நோக்கித்தான் இறங்கும். ஹெல்கே இதை ஒரு துண்டுத் தாளில் கீறியே காட்டினார்.

"நான் ஏன் நடுரோட்டிலை இறங்கிறன்? கார் தரிப்பிடத்திலை இறங்குவன்," என்றார் பீற்றர் அண்ணை.

"அதுக்கு, பின்னாலை சாய்பலகை வைச்ச வான் இஞ்சையே கிடைக்குமே அண்ணை. கதிரையோடை ஏறலாம். பாட்ஸுக்கும் அலையத் தேவையில்லை," என்றேன்.

"பின்னுக்கு ஏத்தினா நான் சாமான், மூர்த்தி. நீர் உம்மடை வேலையைப் பாரும்."

பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன்.

வான் ஒரு வருடத்துக்கு மேல் தொல்லையில்லாமல் ஓடியது. கிறிஸ்மஸ் முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்துக் கார் தரிப்பிடத்தில், பூசை முடிந்து வீட்டுக்குப் போக அவரை ஏற்றும்போது இருக்கை பாதி உயரத்தில் நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. உள்ளே ஏதோ கறகறத்தது. கையால் சுற்றும் வழி ஒன்று இருந்தது. ஆனால் அதுவும் அதே பல்சக்கரத்தை நம்பித்தான் இருந்தது. நல்ல குளிர். பீற்றர் அண்ணை வானுக்கு வெளியே, அந்தரத்தில், குல்லாவும் கோட்டுமாக இருந்தார். பூசைக்கு வந்த சனம் முழுக்கச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னது. கடைசியில் நாலைந்து ஆண்கள் சேர்ந்து அவரைத் தூக்கினார்கள்.

"தூக்கினதுதான் தூக்கிறியள், பெருநாளுக்குச் சொரூபம் சுத்திறமாதிரி என்னையும் கோயிலை ஒருக்காச் சுத்திக்கொண்டு வாங்கோ," என்றாராம். எல்லாரும் சிரித்தார்கள். ஸ்டெல்லா அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் அக்கா தனியாகக் கடைக்கு வந்தார்.

"தம்பி, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. அவர் பகிடி விட்டுக்கொண்டிருந்தார். கை ஐஸ் மாதிரிக் கிடந்தது. நான் ஒருத்தியா நிக்கேக்கை இப்பிடி நடந்தா என்ன செய்வன்? பாஸ்குவுக்குள்ளை இதைத் திருத்தித் தாங்கோ. ஏலாட்டி வானை விக்கிறதெண்டு முடிவு. வாங்க ஒரு ஆள் கேட்டிருக்கு. உங்கடை அண்ணைக்கும் சொல்லிப்போட்டன்."

"அண்ணை என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. அவர் பேசாமல் இருந்தா எனக்குப் பயம்."

பாஸ்கு என்றால் உயிர்த்த ஞாயிறு. இன்னும் மூன்று மாதம்கூட இல்லை.

கடைக்குப் பின்னால் இருந்த பட்டறையில் அந்த இருக்கையின் மோட்டரைக் கழற்றினார்கள். ஹெல்கே வெள்ளைத் துணியை விரித்தார். உள்ளே ஒரு பல்சக்கரம், உள்ளங்கையளவு. ஒரு பக்கத்தில் பற்கள் உதிர்ந்திருந்தன. ஜப்பானுக்கு எழுதினோம். அந்த இருக்கையின் உற்பத்தி நின்றுவிட்டது, பல்சக்கரம் தனியாக எப்போதுமே விற்றதில்லை என்று பதில் வந்தது. இங்கிலாந்தில் பழைய ஜப்பான் வண்டிகளைப் பிரிப்பவர்களைக் கேட்டோம். வான் இருந்தது, இந்த இருக்கை இருக்கவில்லை. புதிதாக ஒன்றைக் கடைந்து எடுத்தால் என்ன என்று நான் கேட்டேன்.

ஹெல்கே அந்தப் பல்சக்கரத்தைத் துணியில் திரும்ப வைத்தார். "கதவுக் கைபிடி என்றால் செய்வேன். இது ஒரு மனிதனைத் தூக்குகிறது. மனிதனின் பாரத்தில் நான் ஊகிக்கமாட்டேன்," என்றார். பிறகு வழக்கம்போல, "இன்னும் இல்லை," என்றார்.

மாசி முழுவதும் 'இன்னும் இல்லை'யாகவே போனது. நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம் பீற்றர் அண்ணை ஜன்னலோரம் இருந்தார். ஏலப் படங்கள் பார்ப்பதை விட்டிருந்தார். என்னைப் பகிடி பண்ணுவதையும் விட்டிருந்தார். டாக்சி வேண்டாம் என்று பூசைக்குக்கூடப் போகவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு நேரம். பாற்கட்டியை வெட்டிக்கொண்டே ஹெல்கே கேட்டார்: "உன் நாட்டில் சுக்கான் எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்," என்றேன்.

"அங்கே ஓடுவது எந்த நாட்டு வான்கள்?"

நான் பாணைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் ஊரில் ஓடும் வான்களில் பெரும்பாலானவை ஜப்பானில் ஓடிக் களைத்து வந்தவைதானே! இத்தனை நாளும் ஜப்பானுக்கும் இங்கிலாந்துக்கும் எழுதிக்கொண்டிருந்தவனுக்கு அது மூளையில் ஏறவில்லை. என் மனைவி ராணியின் தம்பி சிவம் கொக்குவிலில் கராச் வைத்திருக்கிறான். உடனே வாட்ஸப்பில் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அத்தான், இந்தச் சீற்றையோ தேடுறியள்? இஞ்சை வான் வந்து இறங்கின உடனை முதல் வேலையா இதைத்தானே கழட்டி எறியிறவங்கள்! இது ஒரு ஆளுக்குப் பிடிக்கிற இடத்திலை எத்தினை பேரை ஏத்தலாம்! நான் கொழும்புக்குச் சொல்லிப் பாக்கிறன்."

கொழும்பில் பழைய சாமான் கடைத்தெரு பஞ்சிகாவத்தை. அங்கே ஒரு கடையின் பரணில், அதே தகட்டு எழுத்துகள் கொண்ட வானிலிருந்து கழற்றிய அதே இருக்கை தூசிக்குள் கிடந்தது. மோட்டரை மட்டும் கழற்றி எடுத்தான் சிவம். அனுப்புவது எப்படி? அதற்கு எங்களிடம் ஒரு வழி எப்போதும் உண்டு. "ஆரும் வருகினமோ?" என்று கேட்பதுதான். அந்த நேரம் என் ராணியே தமக்கையின் மகள் கலியாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். பெரிய வெள்ளிக்கு முந்திய திங்கட்கிழமை திரும்புகிறாள்.

கார்டெர்மூன் விமான நிலையத்தில் அவள் முகத்தைப் பார்த்தவுடனே கோபம் விளங்கியது. "இஞ்சேருங்கோ, உங்கடை மோட்டருக்காண்டி ஒடியல் மாவையும் பாதி மிளகாய்த்தூளையும் விட்டிட்டு வந்தனான். கொழும்பிலை பெட்டியைத் திறந்து, இது என்னெண்டு கேட்டுத் துளைச்செடுத்திட்டாங்கள். ஒரு மனுசன் இருக்கிற சீற்றின்ரை மோட்டர் எண்டால் ஒருத்தனும் நம்பிறானில்லை," என்றாள்.

வீட்டுக்கு வந்து, மிச்ச மிளகாய்த்தூள் பொதிக்குள்ளிருந்து அதை எடுத்து, சுற்றியிருந்த துவாயைப் பிரித்தேன். மோட்டர் பளபளவென்று வெள்ளி நிறத்தில் இருந்தது. சிவம் அதை மண்ணெண்ணெயில் கழுவி, உரஞ்சி, வெள்ளிப் பெயின்ற் அடித்திருந்தான். இலக்க ஒட்டியைச் சுரண்டி எறிந்திருந்தான். பழைய செருகியை வெட்டிவிட்டுப் புதுச் செருகி போட்டிருந்தான். பல நிற வயர்கள் எல்லாவற்றையும் நீட்டி, ஒரே சிவப்பாக மாற்றியிருந்தான். எது எந்த வயர் என்று இனி ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

அழைத்தேன். அவன் முகம் முழுக்கச் சிரிப்பு.

"எப்பிடி அத்தான், புதுச்சாமான் மாதிரி இல்லையோ? வெளிநாட்டுக்கு, அதுவும் உங்களுக்கு அனுப்பிறதை ஊத்தையோடை அனுப்பலாமோ? ரெண்டு நாள் மினைக்கெட்டனான்."

வாய்வரை வந்ததை விழுங்கினேன். "நல்லாயிருக்கு, சிவம்," என்றேன். வேறென்ன சொல்ல? எங்கள் சனத்தில் யாரும் சொந்தக்காரருக்கு அழுக்கோடு ஒன்றை அனுப்பமாட்டார்கள். பரண் தூசியோடு, கறுத்த எண்ணெயோடு, வெட்டாத வயரோடு அனுப்பு என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அப்படி ஒரு சாமானை அவன் வெட்கப்பட்டே அனுப்பியிருக்கமாட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை அதை ஹெல்கேயின் முன் வைத்தேன். சிவத்தின் கதையையும் சொன்னேன். அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"யாரோ இதை மிகுந்த அன்போடு பாழாக்கியிருக்கிறார்," என்றார்.

பிறகு வெள்ளைத் துணியை விரித்து, பழைய மோட்டரையும் வெள்ளி மோட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழையதன் எண்ணெயும் அழுக்கும் வயர் நிறங்களும் செருகியும் நாங்கள் கழற்றிய நாளில் இருந்தது போலவே இருந்தன. அன்றைக்கு அதைத் துடைக்கவிடாமல் என் கையைத் தட்டியவர் அவர்தான். "நமக்கு மோட்டர் தேவையில்லை, மூர்த்தி. பல் மட்டும்தான் தேவை. வீடு நம்மிடம் இருக்கிறது," என்றார், பழைய மோட்டரின் கூட்டைத் தொட்டு.

பெயின்ற் திருகாணிகளை ஒட்டிப் பிடித்திருந்தது. மெல்லச் சூடுகாட்டித் திறந்தோம். சிவத்தின் அன்பு நல்ல காலமாக மூடிக்கு உள்ளே போகவில்லை. தேன் நிறத்தில் பழைய கிறீஸ், அதற்குள் ஒரு பல்லும் சேதமில்லாத சக்கரம். ஹெல்கே எண்ணினார். நான் எண்ணினேன். ஒருவரையொருவர் பார்த்து ஒரே நேரத்தில் சொன்னோம். ஒரே எண். விட்டத்தை அளந்தோம், தண்டு போகும் துளையை அளந்தோம், தடிப்பை அளந்தோம். எல்லாம் சரி. பழைய வீட்டுக்குள் புதுச் சக்கரம் சிணுங்காமல் போய் உட்கார்ந்தது.

புதன்கிழமை மத்தியானத்தோடு நோர்வே பூட்டிவிடும். பாஸ்கு விடுமுறைக்கு எல்லாரும் மலைக் குடிலுக்குப் போவார்கள். ஹெல்கேயின் கார் பனிச்சறுக்குப் பலகைகள் கட்டியபடி வாசலில் நின்றது. வழக்கமாக அந்த நாளில் அவரைப் பிடிக்க முடியாது. அன்று போகவில்லை. ஸ்டெல்லா அக்கா வானைக் கொண்டுவந்தார். இருக்கை பொருத்தி முடிந்தது. பீற்றர் அண்ணை டாக்சியில் வந்து, பின்கதவால் இறக்கப்பட்டு, நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதலில் நான்," என்றார் ஹெல்கே.

அந்த நெடிய மனிதர், கழுத்தில் கண்ணாடி ஆட, பட்டறை முற்றத்தில் அந்த இருக்கையில் இருந்தார். நான் பொத்தானை அமத்தினேன். மேலே போனார், உள்ளே திரும்பினார், வெளியே வந்தார், கீழே இறங்கினார். "இன்னொருமுறை," என்றார். பிறகும் "இன்னொருமுறை." மடியில் ஒரு இரும்புப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு மறுபடியும் ஏறினார். பாதி உயரத்தில் நிறுத்தச் சொல்லி, அங்கேயே அசையாமல் இருந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தார். கறகறப்பு இல்லை. இறங்கி வந்து ஸ்டெல்லா அக்காவிடம், "என்னை விட உங்கள் கணவர் மெலிந்தவர்," என்றார். அவர் ஒரு ஆளிடம் அவ்வளவு நீளமாக ஆறுதல் சொன்னதை நான் அன்றுதான் கேட்டேன். ஸ்டெல்லா அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஹெல்கே உடனே தன் சறுக்குப் பலகைகளைப் பார்க்கப் போய்விட்டார்.

பீற்றர் அண்ணை ஏறி இருந்தார். இருக்கை அவரைத் தூக்கி உள்ளே வைத்தது.

"மூர்த்தி, நீரும் ஏறும். வீட்டை போய்ச் சாப்பிட்டிட்டுப் போகலாம்," என்றார். கிட்டத்தட்ட மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தப் பழைய குரல்.

ஸ்டெல்லா அக்கா சாவியைத் திருப்பினார். ஜப்பான் பெண் தன் வரியைச் சொன்னாள். "ஓம் பிள்ளை, வந்திட்டன்," என்றார் பீற்றர் அண்ணை.

நான் ஸ்டெல்லா அக்காவுக்குப் பின்னால் இருந்தேன். அங்கிருந்து பீற்றர் அண்ணையின் முகம் பக்கவாட்டில் தெரிந்தது, அதற்கப்பால் ரோட்டின் மற்றப் பாதி. விடுமுறைக்குப் போகும் கார்களுக்குள்ளால் வழிகண்டு பெரிய ரோட்டில் ஏறினோம். எதிரே ஒரு சிவப்புப் பஸ் வந்தது. பீற்றர் அண்ணை மடியில் கிடந்த இடது கையை எடுத்துக் கண்ணாடிக்கு நேரே தூக்கினார். பெரிதாக ஒன்றுமில்லை, தோளளவுக்குத்தான். பஸ்ஸில் இருந்தவன் ஒரு இளம் பொடியன். இந்த நாட்டில் சாரதி இருக்கும் பக்கத்தில் ஒரு ஆள் இருந்து கை தூக்குவதை அவன் கண்டான். அவன் கை தானாக உயர்ந்தது. பஸ் கடந்து போனது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஏலப் படங்கள், கப்பல், மாற்றிய விளக்குகள், ரோட்டை நோக்கி இறங்கும் அந்தக் கிறுக்கு இருக்கை எல்லாம் இதற்காகத்தான். பின்னால் பட்டி கட்டி ஏற்றிய ஒருவருக்கு எந்தச் சாரதி கை தூக்குவான்? பெயாரிங் இலக்கத்தை ஒரு தடவலில் வாசிக்கிற எனக்கு இது இவ்வளவு காலம் தெரியாமல் போனதே.

"பாத்தீங்களோ தம்பி," என்றார் ஸ்டெல்லா அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்து. "கை நோக நோக ஓட்டிறது நான். மரியாதை அவருக்கு."

"உங்களுக்கு முதலே தெரியுமோ அக்கா?"

"தெரியாமலோ? அதாலைதானே பாஸ்கு வரைக்கும் பொறுத்தனான். இல்லாட்டி அண்டைக்கே வித்திருப்பன்."

பீற்றர் அண்ணை இதொன்றையும் காதில் வாங்கவில்லை.

"தெரிஞ்ச பொடியனோ அண்ணை?" என்று கேட்டேன்.

"ஆளைத் தெரியாது," என்றார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு மனைவியிடம், "இஞ்சேரப்பா, அங்கை இன்னொண்டு வருகுது. கொஞ்சம் மெதுவா விடும்," என்றார்.

ஸ்டெல்லா அக்கா வேகத்தைக் குறைத்தார்.